பெயரில்லாப் பெட்டிக் கேமரா

"பேரு இல்ல, ஊரு இல்ல. இத்தப் போயி கேமராங்கிறீங்களே மாமா! சோத்து டப்பாவுல எவனோ ஓட்டை போட்டு வெச்சிகிறான்."

தேவா சிரித்த சிரிப்பில் அவனுடைய முறுக்கு மீசையும் சேர்ந்து குலுங்கியது.

அவன் அக்கா புருஷன் திருவேங்கடம் அசரவில்லை. ஆவடியில் பழைய சாமான் கடையில் காலையில்தான் வாங்கியதாகச் சொல்லி, அந்தக் கறுப்புப் பெட்டியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேமராதான்டா மச்சான். அதுவும் வெள்ளைக்காரன் காலத்துது."

"அது மட்டும் அப்டி இருந்திச்சின்னா, என் மீசைய எட்த்துர்றேன்!"

எதற்கெடுத்தாலும் மீசையைப் பந்தயம் வைப்பது தேவாவின் வழக்கம். ரயில் லேட்டாகத்தான் வரும் என்பதற்கும் மீசை, மழை வராது என்பதற்கும் மீசை. இதுவரை தோற்றதே இல்லை. முப்பத்துநாலு வயதாகியும் கல்யாணம் கூடி வரவில்லை. மீசை மட்டும் ஜோராக வளர்ந்தது. அதுதான் அவன் உயிர்.

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்று திருவேங்கடம் அவனை பைக்கில் ஏற்றிக்கொண்டு, ஸ்டேஷன் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் ராயப்பனிடம் போனார்.

ராயப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேர்ப் பட்டை எப்பவோ வுழுந்துட்ச்சி. ஆனா பின்னாடி செவப்பு ஜன்னல் கீது பாரு, பிலிம் நம்பர் அதுல தெரியும். பொட்டிக் கேமராதான்."

"சரிண்ணே, வெள்ளைக்காரன் காலத்துதுன்னு எப்டி சொல்றது?" தேவாவின் கை தானாக மீசைக்குப் போனது.

"உள்ள, எடது பக்கம், ஸ்பிரிங்குக்குக் கீழ, ரிப்பேர் பண்ணவன் தேதி கீறி வெச்சிருப்பான். தொறந்து பாரு."

தேவா திறந்தான். ராயப்பன் சொன்ன அதே இடத்தில் 12-3-1941 என்று கீறியிருந்தது. திறக்காமலே சொன்ன மனிதரைக் கும்பிடுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மீசை மேல் வைத்த பந்தயம். பின்வாங்கினால் அந்த மீசைக்கே அவமானம். எதிர்த்தாற்போல் இருந்த சலூனில் போய் உட்கார்ந்தான். கத்தி பட்டபோது பாவம், அழுகையே வந்துவிட்டது.

மேலுதட்டைக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டு திரும்பி வந்தவன், ஸ்டூடியோ வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே திருவேங்கடத்தின் போனில் அக்கா வசந்தாவின் குரல் கணீரென்று கேட்டது.

"எட்த்துட்டானா? அப்பாடா! மீசை இல்லன்னா கட்டிக்கிறேன்னு அந்த வேப்பம்பட்டுப் பொண்ணு பவித்ரா சொல்லி ஒரு மாசம் ஆவுது. சட்டுனு ஒரு போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புங்க. ஆமா, ராயப்பண்ணன் கேமராவ அவர் கைல திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாச்சு" என்றார் திருவேங்கடம். ராயப்பன் அந்தப் பெட்டியைத் தன் ஷோகேஸில், தூசி படியாமல் காலியாகக் கிடந்த சதுரத்தில் அலுங்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.