பந்திக்கு நிற்காதவன்

“இன்னிக்காவது பாதியில எழுந்து போகாம இருப்பீங்களா?”

சபைக்குக் கிளம்பும்போதே ஹெப்சிபா கேட்டுவிட்டாள். அவள் கணவன் யோதாம் தொப்பியைத் தேடுவதுபோலப் பாவனை செய்தான்.

பிரசங்கம் முடிந்ததும் சபை அங்கத்தினர் மட்டும் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு இருப்பார்கள், மற்றவர்கள் வெளியே போய்விட வேண்டும். அமெரிக்காவில் நியூ இங்கிலாந்துப் பக்கம் எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அவள் உள்ளே, அவன் வெளியே. அப்பத்தைக் கையில் வாங்கும்போதெல்லாம் அவள் கண் ஆண்கள் பக்கம் போகும். அவன் உட்கார்ந்திருந்த இடம் காலியாகக் கிடக்கும். ஒரே ஒரு தடவை அவனும் தானும் அந்த அப்பத்தைச் சேர்ந்து சாப்பிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

ஆண்டவர் தன் மனதை எப்படி மாற்றினார் என்று சபை முன்னால் சாட்சி சொன்னால்தான் அங்கத்தினர் ஆகலாம். நாலு பேர் நடுவே அவனுக்குப் பேச்சு வராது என்று ஹெப்சிபா தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஊரோ அவனைக் கல்நெஞ்சன் என்றது.

இப்போது போதகர் அந்த விதியையே எடுத்துவிட்டார். ஒழுங்காக நடப்பவர் யாரானாலும் பெயர் கொடுத்தால் போதும், சாட்சி வேண்டாம். இனி அவனுக்கு என்ன சாக்கு?

பிரசங்கம் முடிந்தது. யோதாம் எழுந்து வெளியே போய்விட்டான்.

“கதவைத் திறந்து வச்சாலும் உன் வீட்டுக்காரருக்கு வாசல் தெரியாது போல” என்று பின்னாலிருந்து மூப்பர் மனைவி கிசுகிசுத்தாள்.

ஹெப்சிபாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பம் தன் வரிசைக்கு வருமுன்பே எழுந்து வெளியே வந்தாள்.

குதிரைக் கொட்டகையில் யோதாம் சோள ரொட்டியைப் பிட்டு ஒரு கிழவரிடம் நீட்டிக்கொண்டிருந்தான். கிழவர் அவளுடைய அப்பா. போதகரை எதிர்த்துப் பேசினார் என்று அவள் கல்யாணத்துக்கு முன்பே சபை அவரை விலக்கிவிட்டது. கல்யாணமாகி வந்தபின் அவளும் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மகளைக் கண்டதும் அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பேர் கொடுத்தா போதுமே, அதுகூடவா உங்களால முடியல?” அவள் யோதாமிடம் கேட்டாள்.

யோதாம் எழுந்து அருகில் வந்து, கிழவர் காதில் விழாதபடி சொன்னான்:

“விலக்கினவங்களோட அங்கத்தினர் யாரும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாதுங்கற விதியை இன்னும் எடுக்கலையே, ஹெப்சி. நானும் உள்ளே வந்துட்டா, உங்க அப்பா யாரோட சாப்பிடுவார்?”