அன்னாமேரியின் மன்றாட்டு

அன்னாமேரிக்கு மட்டும் குறை தீர்ந்ததே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் தெருவில் யாராவது ஒருவர் வீட்டில் அன்பியம் என்ற ஜெபக் குழு கூடும். ஜெபமாலை முடிந்ததும் வீட்டுக்கு ஒருவர் ஒரு மன்றாட்டு சொல்லவேண்டும். உடம்பு சுகம், பிள்ளைகள் படிப்பு என்று மற்றவர்கள் சுருக்கமாக முடித்துக்கொள்வார்கள். அன்னாமேரியோ, வில்லியனூர் பஸ் மெயின் ரோட்டோடு திரும்பிவிடாமல் கோயில் வரைக்கும் வரணும் என்றாள்.

சொன்னதோடு விட்டாளா? மறுநாளே கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் போய் நின்றாள். மூன்று மாதம் நடையாய் நடந்தாள். பஸ் வந்தது.

வந்த வாரமே, கோயில் படி உயரம், பக்கத்தில் சாய்வாக ஒரு பாதை வேணும் என்றாள். அதுவும் வந்தது. அப்புறம் தெருமுனைக்கு விளக்கு.

ஒன்று கிடைத்தால் ஒரு வாரமாவது சந்தோஷமாக இருக்கக்கூடாதா என்று அன்பியத் தலைவி ஆரோக்கியசெல்விக்கு எரிச்சலாக வரும்.

இக்னேஷியஸ் அண்ணனும் அதே தெருதான். ரிட்டையர்டு வாத்தியார், தனிக்கட்டை. முட்டி வலியோடு தாங்கித் தாங்கி வருவார். தன் முறை வந்தால், "ஆண்டவர் குடுத்தது போதும். எனக்கு ஒரு கொறையும் இல்ல" என்பார். கேட்கும்போதே ஆரோக்கியசெல்விக்கு மனசு குளிர்ந்துவிடும்.

அவள் அடுத்த மாதம் மகளோடு இருக்கக் காரைக்கால் போகிறாள். புதுத் தலைவராக ஒரு பெயரை எழுதித் தரச் சொல்லியிருந்தார் ஃபாதர். தெருவில் பாதிப்பேர் அன்னாமேரி என்றார்கள். கேட்டுக்கொண்டே இருப்பவள் கையில் ஜெபக் கூட்டத்தைக் கொடுப்பதா? இக்னேஷியஸ் என்று ஒரு சீட்டில் எழுதி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டாள்.

அன்று கூட்டத்துக்கு முன்பே அன்னாமேரியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இந்த ஒரு வாரம் எதுவும் கேக்காதடி. நன்றி மட்டும் சொல்லு. அண்ணனப் பாத்துக் கத்துக்க."

அன்னாமேரியின் முகம் சுருங்கிப் போனது. சரிக்கா என்றாள். முறை வந்தபோது, எல்லாவற்றுக்கும் நன்றி ஆண்டவரே என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்தது இக்னேஷியஸ். எப்போதும் கணீரென்று வரும் குரல் அன்று ஏனோ தடுமாறியது. ஒரு கொறையும் இல்ல என்றார்.

சுண்டல் சாப்பிட்டு எல்லோரும் கலைந்தார்கள். செருப்பு மாட்ட வாசலுக்கு வந்த ஆரோக்கியசெல்வி, மதிலுக்கு அந்தப்பக்கம் பேச்சுக்குரல் கேட்டு நின்றாள்.

"இன்னாம்மா இப்படிப் பண்ணிட்டே? கண் ஆபரேஷன் கேம்ப் நம்ம ஊருக்கு வரணும்னு கேக்கச் சொல்லியிருந்தேனே." இக்னேஷியஸ்தான்.

"அக்கா வேணாம்னுட்டாங்கண்ணே. நீங்களே கேட்டிருக்கலாமே."

"நான் எப்படிம்மா கேக்கறது? பஸ்சு, சாய்வுப் பாதை, வெளக்குன்னு இத்தினி நாளா எனக்காக நீதானே கேட்டே. எனக்குத்தான் ஒரு கொறையும் இல்லன்னு ஊரே நம்பிக்கினு இருக்குதே."

"சரி விடுங்கண்ணே. நாளைக்குப் போய்க் கேட்டுட்டு வரேன்."

ஆரோக்கியசெல்வி ஜெபப் புத்தகத்தைத் திறந்து சீட்டை வெளியே எடுத்தாள்.

"அன்னாமேரி, பேனா இருந்தா குடுடி."