பின்னணி ஜோடி

"பத்தரைக்குள்ள எடுத்துருங்க சார். அப்புறம் மிஸ்ட் இறங்கிருமுங்க," என்று மலையைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கெஞ்சினார் சுப்பண்ணன்.

தேயிலை விலை விழுந்து மஞ்சூர் ஃபேக்டரி மூடிவிட, அதன் மேஸ்திரியான அவர் இப்போது சினிமாவுக்குத் துணை நடிகர்கள் பிடித்துக் கொடுக்கிறார். இது கொங்குச் சாப்பாட்டைப் பற்றிய காதல் படம். கல்யாணப் பந்தியில் நாயகனும் நாயகியும் ஒரே ஒப்புட்டுப் போளிக்குச் சண்டை போடுவார்கள்; பின்னால் மங்கலாக ஒரு ஜோடிக்குக் கல்யாணம் நடக்கும்.

"எனக்கு யதார்த்தம் முக்கியம்!" என்றார் டைரக்டர். கொங்குச் சமையலை மூன்று வருடம் ஆராய்ந்தவராம்.

"அதுக்குத்தானுங்க நிஜ ஐயரு, நிஜ மேளம். வந்திருக்கற அறுபது பேரும் எங்க சனந்தானுங்க."

"ஆக்‌ஷன்!"

மேளம் கொட்டியது. பின்னணி மாப்பிள்ளை தாலி கட்டினான். பெண் விம்மினாள். சுப்பண்ணனின் மனைவி மருதாம்பாள் அவளைவிடச் சத்தமாக அழுதாள். அட்சதையில் பாதி கேமராமேன் தலையில் விழுந்தது.

"கட்! பின்னாடி எல்லாரும் ஓவர் ஆக்டிங்! நிஜக் கல்யாணத்துல இப்படியா அழுவாங்க? மிஸ்ட்டு எங்கய்யா? வெயில்தானே அடிக்குது? தாலியைக் கழட்டு, ஒன் மோர் டேக்!"

சுப்பண்ணன் கைகூப்பினார்.

"ஒப்புட்டை எத்தன தடவ வேணும்னாலும் திங்கறமுங்க. தாலி ஒருக்காத்தானுங்க. ஃபேக்டரி மூடி ரெண்டு தடவ தள்ளிப்போன எம்பொண்ணு கல்யாணமுங்க இது. பத்தரையோட முகூர்த்தம் முடியுதுங்க."

டைரக்டரின் கையைப் பிடித்துப் பந்திப் பக்கம் இழுத்தார் சுப்பண்ணன்.

"சாப்பிட்டுத்தான் போகோணும். மொய்யெல்லாம் வேண்டாமுங்க, பந்தியே உங்க செலவுதானுங்களே!"