கம்பப்படி

கரண்ட் ஆபீஸின் பின்பக்கம் ஒரு கம்பம் நிற்கிறது. அதில் கம்பியும் கிடையாது, விளக்கும் கிடையாது.

கம்பம் ஏறும் ஆண்களுக்குச் சம்பளத்தோடு கம்பப்படி உண்டு. பெண்களை ஏறவே விட்டதில்லை, அதனால் படியும் இல்லை. அவர்கள் மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோன காலத்தில், ஏறுகிற பெண்ணுக்கும் படி கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. அதற்கென்றே நட்ட கம்பம் இது. மாதம் பிறந்தால் ஒவ்வொருத்தியும் ஒரு தடவை ஏறிக் காட்ட வேண்டும்.

இன்று மனோரஞ்சிதத்தின் முறை. வீங்கிய முழங்காலோடு ஏணியில் ஏறினாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் லைன்மேன் சூசை. மூட்டுவலி என்று அவர் கம்பம் ஏறுவதை விட்டே பத்து வருஷம் இருக்கும். படி மட்டும் மாதம் தவறாமல் வருகிறது.

"ஏறினதா எழுதியாச்சு, இறங்கும்மா" என்றார் போர்மேன்.

அவள் கம்பத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தை அதில் சாய்த்தாள். மேலே நல்ல காற்று.

"இறங்குறதுக்குப் படி உண்டா சார்?"

"என்னம்மா கேள்வி இது? ஏணியிலதான் இருக்கே படி!"

கம்பத்தை விட்டு இறங்கியும் படி வாங்கும் சூசைக்குப் புரிந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் இறங்கவில்லை.