தம்பியின் பக்கம்

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மடிக்கணினியின் மேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. திரையில் இருப்பது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம். கால்பந்து வீரனான தம்பியின் பெயருக்குக் கீழே, பிறந்த தேதியை ஒட்டி இன்னொரு தேதியும் வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்றைய தேதி. விபத்துச் செய்தி அக்காவுக்கு வந்தே ஒரு மணி நேரம்தான் ஆகிறது. அம்மாவிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. அந்தத் தேதியை அழிக்கிறாள். இரண்டே நிமிடத்தில் திரும்ப வருகிறது. முகம் தெரியாத யாரோ மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்: 'செய்திச் சான்று உள்ளது. தயவுசெய்து நீக்க வேண்டாம்.' மறுபடி அழிக்கிறாள், மறுபடி வருகிறது. எழுதியவர் பொய் சொல்லவில்லை.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அம்மா வந்து பக்கத்தில் உட்காருகிறாள். "தம்பி பக்கமா? எனக்கு எழுத்தெல்லாம் கலங்குது, நீயே படிடி."

அக்கா தேதிகளைத் தாண்டிப் போகிறாள். 'அணியின் கோல்கீப்பராக இருந்தார்' என்று திரையில் மாற்றியிருக்கிறார்கள்.

"அணியின் கோல்கீப்பராக இருக்கிறார்" என்று படிக்கிறாள்.

"ம், அப்புறம்?" என்கிறாள் அம்மா.