இரட்டைச் சாவி

“வருது சார்.”

“வரலைங்க மேடம். நானும் இத்தன வருசமா—”

“இத்தன வருசமா மூக்குப்பொடி போட்டா எப்படி வரும்?”

“பொடிய விட்டுத்தான்—”

“பொங்கலுக்குத்தானே விட்டீங்க. நல்லா மூச்ச இழுங்க. வெத்தல வாசம்.”

“காலி ரூம்ல வெத்தல எங்க மேடம் இருக்கு? சுண்ணாம்பு வாசம் வேணா வரும்.”

“சுண்ணாம்பு வரும், வெத்தல மட்டும் வராதாக்கும்.”

பேங்க்கின் ஸ்ட்ராங் ரூம் வாசலில் நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள், மேனேஜர் திலகவதியும் ஹெட் கேஷியர் பூமிநாதனும்.

உள்ளே ஒன்றும் இல்லை. எல்லாம் மத்தியானமே பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. அங்கே புதுக் கதவு. இந்தப் பழைய இரும்புக் கதவும் அதன் இரண்டு சாவிகளும் இனி யாருக்கும் வேண்டாம்.

பூமிநாதனுக்கும் இன்றோடு வேலை முடிகிறது. விடிந்தால் ஓசூர் பஸ். மகள் வீடு.

அவள் ஏதாவது சொன்னால் ஒழிய.

நேற்று டீ கிளாஸைக் கீழே வைத்து, அதையே பார்த்தபடி கேட்டிருந்தார். “தனித்தனியா எதுக்கு மேடம் ரெண்டு வீட்ல உலை வைக்கணும்?”

மனைவியை இழந்த மனிதர். அவளோ, கல்யாணத்தை ஒவ்வொரு டிரான்ஸ்ஃபரிலும் அடுத்த ஊருக்குத் தள்ளிக்கொண்டே வந்தவள்.

“பின்பக்க லைட்டு எரியுது சார். அணைச்சிட்டு வாங்க.”

அதுதான் அவள் சொன்ன பதில். போய் அணைத்துவிட்டு வந்தார்.

இரவெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு கிடந்தாள்.

இப்போது அறைக்குள் போய்ச் சுவரில் கை வைத்தாள். குளிர்ந்தது.

முதலில் இது வெற்றிலை மண்டி. வைகைக் கரைக் கொடிக்காலிலிருந்து வந்த வெற்றிலை வாடக்கூடாது என்றுதான் இவ்வளவு தடித்த சுவர். ஒரு சன்னல்கூட இல்லை. அந்தக் காலத்து மண்டி ஆட்களின் பேச்சு இன்னும் சுவருக்குள் இருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

சாக்க நனைச்சியாடா?

நனைச்சாச்சு, நனைச்சாச்சு.

பச்சை இருட்டு. எங்கோ ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

மண்டி நொடித்த பின் ஒரு நாடகக் கம்பெனி வந்து தங்கியதாம். ராஜா வேஷக்காரர் இந்த அறையில்தான் படுப்பாராம், கிரீடத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு.

வெளக்க ஊதுங்கண்ணே.

இருடா, இன்னும் மீசையக் கலைக்கல.

கண்ணை மூடினால் அவர் குறட்டைகூடக் கேட்கும் போலிருந்தது.

அப்புறம்தான் பேங்க் வந்தது. சுவர் அதேதான். கதவுக்கு மட்டும் இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், ஒன்று கேஷியரிடம். ஒன்றை மட்டும் போட்டால் கதவு அசையாது. இரண்டும் ஒருவர் கைக்குப் போகவே கூடாது.

அதனால் தினமும் காலையிலும் மாலையிலும் இருவரும் தோளுக்குத் தோள் நின்றார்கள். வேறு எதற்காகவும் நின்றதில்லை.

“பூட்டிரலாமா மேடம்?”

“காலி ரூம எதுக்கு சார் பூட்டிக்கிட்டு?”

“பூட்டாம போனா எனக்குத் தூக்கம் வராதுங்க.”

பூட்டினார்கள். முதலில் அவள் சாவி. பிறகு அவர் சாவி.

தன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காலண்டர்கூட இல்லாத சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

நேற்றுக் கேட்டதை மறுபடி கேட்கவில்லை. இனிக் கேட்கமாட்டார். அது அவளுக்குத் தெரிந்தது.

அவள் அவர் வழியை மறித்து நின்றாள்.

அவர் கையைப் பிடித்து, விரித்து, தன் சாவியை அதில் வைத்தாள்.

சுட்டது போல் கையை இழுத்துக்கொண்டார். சாவி தரையில் விழுந்தது. கட்டடம் முழுக்கச் சத்தம் ஓடி அடங்கியது.

“என்ன மேடம் இது? ரெண்டும் ஒருத்தர் கையில இருக்கலாமா?”

இத்தனை வருடப் பழக்கம்தான் பேசியது. பேசி முடித்த பிறகுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் குனிந்து சாவியை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். மறுபடி நீட்டினாள்.

“ரூல்ஸெல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போயிருச்சு சார். வாங்கிக்கங்க.”