கூடுதலாய் ஒரு வரி

"இதை யார் அனுப்பினதுன்னு எனக்குப் பேர் வேணும்."

ஆஸ்பத்திரி லேப் மேலாளரின் முகம் இறுகிக் கிடந்தது. கம்ப்யூட்டர்காரரின் மேஜையில் ஒரு காகிதத்தை வைத்தார். யாருக்கோ போன டெஸ்ட் ரிசல்ட் மெயில். அதன் அடியில் யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

'டாக்டரைப் பார்க்கத் தனியாக வராதீர்கள்.'

"எல்லாரும் ஒரே முகவரியிலிருந்துதான் அனுப்பறாங்க சார். யாருன்னு தெரியாது."

"தெரியற மாதிரி பண்ணுங்க."

முன்பு ரிசல்ட்டில் 'பயப்பட வேண்டாம்' என்று எழுதிய ஊழியர் ஒருவரை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியவர் இவர்.

கம்ப்யூட்டர்காரர் மெயில் சர்வரின் அமைப்பைத் திறந்தார். யார் தங்கள் பாஸ்வேர்டு போட்டு அனுப்புகிறார்களோ, அவர் பெயரை மெயிலின் தலைப்பகுதியில் பதியும்படி மாற்றினார். படிப்பவர் கண்ணில் படாது, தேடினால் கிடைக்கும். சின்ன வேலைதான். ஆனாலும் கை கூசியது.

மறுவாரமே அந்த வரியோடு இன்னொரு மெயில் போனது. தலைப்பகுதியைத் தேடிப் பார்த்தார்.

லேபில் ரிசல்ட் அனுப்பும் ஜன்னலோர சீட்டு அம்மாவின் பெயர்.

அந்த அம்மாவின் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது. இறந்துபோன கணவருக்கும் இங்கேதான் டெஸ்ட் எடுத்தார்கள். தனியாக வந்து முடிவைக் கேட்ட அந்த மனுஷர், வீட்டுக்குப் போக மனசில்லாமல் வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

எழுந்து மேலாளரின் அறைக்குப் போனார்.

"பேர் கிடைச்சுதா?"

"இல்ல சார். சர்வர் ரொம்பப் பழசு. பதிவாக மாட்டேங்குது."

பொய் சொல்லிப் பழக்கமில்லை; காது சுட்டது. திட்டு விழப்போகிறது என்று நின்றார்.

மேலாளர் அன்றைக்குக் காட்டிய காகிதத்தை டிராயரிலிருந்து எடுத்தார்.

"இது எங்க அக்காவுக்கு வந்த மெயில்யா," என்றார் மெல்ல. "இங்கேயே டெஸ்ட் எடுத்துட்டு என்கிட்ட மூச்சு விடலை. பெத்த பிள்ளைங்ககிட்டகூடச் சொல்லாம தனியாத்தான் வர்றதா இருந்தா. அந்த வரியைப் பார்த்துட்டுத்தான் 'தம்பி, கூட வர்றியா?'ன்னு போன் பண்ணா. டாக்டர் சொல்லி முடிக்கற வரைக்கும் என் கையை விடவே இல்லை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாருன்னு தெரிஞ்சா ஒரு நன்றி சொல்லலாம்னு பார்த்தேன்... சரி, விடுங்க."

கம்ப்யூட்டர்காரர் கதவு வரை போய்த் திரும்பினார்.

"சார்... பேர் பதிவாகியிருக்கு சார்."